டிஸ்பிளே இருண்டு திரும்பி வருகிறது: ஹைபிரிட் பற்றரியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த பழைய ஹைபிரிட் கார் வைத்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் டிஸ்பிளே முழுக்க இருண்டு, ஸ்டியரிங் இறுகி, அடுத்த நொடியே எல்லாம் திரும்பி வருகிறது. சில காலைகளில் 'ரெடி' (ஓடத் தயார் என்று காட்டும் விளக்கு) வருவதில்லை, கொஞ்சம் பொறுத்து அழுத்தினால் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடுகிறது. கராஜில் ஸ்கானர் போட்டுப் பார்த்தார்கள், ஒரு கோட் (பிழை எண்) கூட இல்லை. ஆனாலும் ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹைபிரிட் பற்றரி, அதாவது பெரிய பற்றரி, கெட்டால் இப்படி ஒளித்து விளையாடாது. சார்ஜ் பார்கள் திடீரென்று ஏறி இறங்கும், பின்சீற்றுப் பக்கம் விசிறி இரையும், எச்சரிக்கை விளக்கு எரியும், பி0ஏ80 மாதிரி ஒரு கோட் பதிவாகும். டிஸ்பிளே இருளாது. ஏனென்றால் டிஸ்பிளேயும் காரின் கம்பியூட்டர்களும் ஓடுவது சின்னப் பற்றரியின் 12 வோல்ட்டில். பிரியஸ் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களில் பெரிய பற்றரி 201.6 வோல்ட், ஆனால் அதை இன்வெர்ட்டரோடு (மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின் சுவிட்சுகளை, பிடித்து வைத்திருப்பதும் இதே 12 வோல்ட்தான். அது ஒரு கணம் அறுந்தால் மற்றதும் சேர்ந்து போய்விடும்.

இந்தச் சின்னப் பற்றரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாதாரணக் காரில் பற்றரி சோர்ந்தால் செல்ஃப் அடிக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இவற்றில் பெரும்பாலும் தனிச் செல்ஃபும் இல்லை, ஆல்டர்னேற்றரும் இல்லை, பெரிய பற்றரியின் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் சார்ஜ் ஏற்றுகிறது, அதனால் 'ரெடி' வராமல் போகும் நாள்வரை ஒரு அறிகுறியும் இருக்காது.

ஒரு மல்ரிமீற்றர் எடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில், பட்டனை அழுத்த முதல் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12க்குக் கீழே என்றால் பற்றரி தளர்ந்துவிட்டது, காலைப் பிரச்சினைக்கு அதுவே போதும். 'ரெடி'யில் சுமார் 14 வோல்ட் நிற்க வேண்டும். அப்போதும் 12 சொச்சத்திலேயே இருந்து இறங்கிக்கொண்டு போனால் கன்வெர்ட்டரையும் அதன் ஃபியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். யாரோ ஜம்ப் கேபிளைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொழுவிய கார் என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு நொடியில் போய் ஒரு நொடியில் வருவது ஆடும் இணைப்பின் குணம். நீங்கள் இருப்பதோ கடற்கரை, உப்புக்காற்று. என் சந்தேகமெல்லாம் மைனஸ் வயர் காரின் பொடியில் (இரும்பு உடலில்) பூட்டியிருக்கும் எர்த் போல்ட்டில். 'ரெடி'யில் ஹெட்லைட், ஏசி விசிறி எல்லாம் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் கட்டையிலேயே (கிளாம்பில் அல்ல) வைத்து, மற்றதைப் பொடியின் பெயின்ற் இல்லாத இரும்பில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நல்லது. 0.2, 0.3 என்று காட்டினாலோ, வயரை ஆட்டும்போது எண் துள்ளினாலோ ஆளைப் பிடித்துவிட்டீர்கள்: காரை நிறுத்திவிட்டுக் கழற்றி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப இறுக்குங்கள். பிளஸ் பக்க டெர்மினலையும் கையால் திருப்பிப் பாருங்கள், ஆடவே கூடாது.

கோட் வராததை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. ஸ்கானர் போட முதல் டெர்மினலைக் கழற்றினார்களா என்று கேளுங்கள், சில கோட்கள் அப்படியே அழிந்துவிடும். மலிவு ஸ்கானர் பெரும்பாலும் எஞ்சின் கம்பியூட்டரை மட்டும்தான் வாசிக்கும், ஹைபிரிட் பக்கத்தை வாசிக்க டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம் போல அந்தந்தக் கம்பனிக்கான மென்பொருள் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பெரிய பற்றரிதான் என்று அடம்பிடித்தால், கார் வேகமெடுத்து ஓடும்போது பற்றரியின் ஒவ்வொரு புளொக்கின் வோல்ட்டையும் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பிரியஸ்களில் 28 மொடியூல் (பற்றரித் துண்டு), அவை இரண்டிரண்டாக 14 புளொக். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய பற்றரியின் உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் கேபிள்களை நீங்கள் தொடவே வேண்டாம், இது சரியாகும்வரை தூரப் பயணமும் வேண்டாம்.

சின்னப் பற்றரியை மாற்ற நேர்ந்தால் கையில் கிடைத்ததை வைக்காதீர்கள். பல ஹைபிரிட்களில் அது ஆட்கள் இருக்கும் பக்கத்திலேயே இருப்பதால், ஏஜிஎம் வகையாக (அமிலம் சிந்தாத மூடிய பற்றரி) வாங்கி, வாயு வெளியே போகும் குழாயையும் மறக்காமல் கொழுவச் சொல்லுங்கள்.