மகளுக்குக் கணக்கு என்றால் பயம்: ப்ளஸ் ஒன்னில் பியூர் சயின்ஸ் எடுக்கலாமா?

மானூர்ப் பக்கத்து அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த மகளைக் கணக்குப் பயத்தால் பியூர் சயின்ஸ் குரூப்பில் சேர்க்கலாமா, அதையும் பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெல்லை மாவட்டப் பெண்கள் பள்ளிகளில் இருபது ஆண்டுகளாக வேதியியல் நடத்தி வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: பயத்துக்காகக் கணிதத்தை விட வேண்டாம், விடுவதென்றால் எதற்காக விடுகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் படித்தவளுக்கு மருத்துவம், பொறியியல் இரண்டு பக்கமும் வழி உண்டு. உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுத்தால் மருத்துவப் பக்கம் அடைபடும். கணிதத்தை விட்டுத் தாவரவியல், விலங்கியல் படிக்கும் பியூர் சயின்ஸிலோ பொறியியல் கலந்தாய்வுக்கு வழியில்லை. அங்கே 200க்குப் போடும் கட் ஆஃபில் 100 கணிதத்துக்கே உரியது, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50தான். பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியலுக்கும் ப்ளஸ் டூ கணிதம் கேட்பார்கள் என்பதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை.

முன்பு நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில் கணித முதுகலை ஆசிரியர் இடம் காலியாக இருந்ததால், கணக்கில் நன்றாக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளையும் பியூர் சயின்ஸில் உட்கார வைத்தோம். அவர்களில் ஒருத்தி ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாள் அப்பாவோடு வந்து, "டீச்சர், மகேந்திரகிரி இஸ்ரோவுல வேலை பாக்கணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். அதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். சூரியனை ஆராய 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போனவர். அந்தப் பாதை கணிதம் வழியாகத்தான் போகிறது.

இதனால் பியூர் சயின்ஸ் மட்டம் என்று ஆகிவிடாது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, பி.எஸ்சி. நர்சிங் எல்லாம் அந்தக் குரூப்பில் படித்தவர்களுக்கும் உண்டு. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் எழுதவும் வேண்டாம். ஆடு மாடு மேல் பிரியமுள்ள பிள்ளை விரும்பிக் கேட்டால் தாராளமாகச் சேருங்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். 2020ல் மருத்துவத்துக்கு வந்த அது, 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. பாளையங்கோட்டைப் பள்ளி எவ்வளவு பெயர் பெற்றதானாலும், அங்கே மாற்றினால் ஐந்து ஆண்டுகளாக உங்கள் மகள் சேர்த்து வைத்த தகுதி போய்விடும். கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் மட்டும் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவிகளுக்கும் 2024ல் நீட்டிக்கப்பட்டது.

கடைசியாக ஆய்வகம், என் பாடம் என்பதால் சற்று நீட்டித்தே சொல்கிறேன். வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். செய்முறையில் 20 எப்படியும் வந்துவிடும் என்று ரெக்கார்டு நோட்டை மட்டும் எழுத வைக்கும் பள்ளிகள் உண்டு. அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஊற்றினால் நிறம் அடர்த்தியாக இருப்பதால் திரவ மட்டத்தின் கீழ் வளைவு தெரியாது, மேல் மட்டத்தைத்தான் பார்த்துக் குறிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். இதைக் கையால் செய்யாத பிள்ளை கல்லூரி முதல் வாரத்திலேயே திணறுகிறாள். ஆகவே சேர்க்கைக்குப் போகும் அன்று, கணித ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பியூரெட்டுகளில் தூசி படிந்திருந்தால் அடுத்த அரசுப் பள்ளியையும் ஓர் எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.