ஸ்பிரிங் சம்மர் ஃபேஷன் ஷோல வர்ற டிரஸ்ஸை எல்லாம் நிஜமாவே யாராவது போடுறாங்களா, அந்த டிரெண்டை யார் முடிவு பண்றாங்க?

நான் டிசைனர் எல்லாம் கிடையாதுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததுல இருந்து சரக்கு போற வரைக்கும் பாத்துக்கிற ஆள், பதினோரு வருஷமாச்சு. பாரிஸ் ஷோவை நேர்ல பாத்ததில்ல, ராத்திரி சாப்பிட்டு முடிச்சு போன்லதான் பாப்பேன். ஆனா ரேம்ப்ல பாத்தது எங்க சாயப்பட்டறைக்கு எந்த வழியா வந்து சேருதுன்னு கொஞ்சம் தெரியும், அதை வச்சு சொல்றேன்.

மொதல்ல இந்த காலண்டர் குழப்பம். பேர்தான் ஸ்பிரிங் சம்மர், ஷோ நடக்குறது முந்தின வருஷம் செப்டம்பர், அக்டோபர்ல. நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ், இதே வரிசையில ஒரு மாசம் ஓடும். 2026 ஸ்பிரிங் சம்மர் கலெக்ஷனை எல்லாம் 2025லயே காட்டி முடிச்சிட்டாங்க. ஏன்னா கடைக்காரங்க பாத்து ஆர்டர் போட்டு, துணி வாங்கி, தச்சு, கடைக்கு வந்து சேர கிட்டத்தட்ட ஆறு மாசம் புடிக்கும். 2016ல பர்பெரி பிராண்டும் டிசைனர் டாம் ஃபோர்டும் ஷோ முடிஞ்ச கையோட வாங்கிக்கோங்கன்னு கடையில வச்சு பாத்தாங்க, டாம் ஃபோர்ட் அடுத்த வருஷமே பழைய முறைக்கு திரும்பிட்டார்.

துணி இதுக்கும் முன்னாடி. பாரிஸ்ல பிரீமியர் விஷன்னு ஒரு பெரிய துணி சந்தை நடக்கும், பிப்ரவரில அங்க போனா அடுத்த வருஷ சம்மருக்கான துணியை விரிச்சு வச்சிருப்பாங்க. கலர் அதுக்கும் முன்னாடி, டபிள்யூஜிஎஸ்என் மாதிரி கம்பெனிங்க அடுத்தடுத்த வருஷம் எந்த கலர் ஓடும்னு கணிச்சு அதை காசுக்கு விக்கிறாங்க, வாங்குறதுல பெரிய பிராண்டும் உண்டு சின்ன பிராண்டும் உண்டு. இப்ப சொல்லுங்க, பத்து டிசைனர் ஒரே வருஷம் ஒரே மஞ்சளோட வந்து நின்னா அதுல அதிசயம் என்ன இருக்கு, எல்லாரும் ஒரே சந்தையில ஒரே மில்லுக்காரங்ககிட்ட வாங்கிட்டு, ஒரே ரிப்போர்ட்டை படிச்சிட்டு வர்றாங்க. உங்க ரெண்டாவது கேள்விக்கு பாதி பதில் இதுதான்.

அந்த மஞ்சளை சும்மா சொல்லல. 2025 சம்மருக்கு வெண்ணெய் மஞ்சள்னு ஒண்ணு ஓடுச்சு ஞாபகம் இருக்கா, எங்க பாத்தாலும் அதே. அந்த கலர்ல ஒரு பையர் (ஆர்டர் குடுக்குற வெளிநாட்டு கம்பெனி) எங்களுக்கு டி-ஷர்ட் ஆர்டர் குடுத்தாங்க, லேப் டிப் மட்டும் ஏழு தடவை திரும்பி வந்துச்சு. லேப் டிப்புன்னா பல்க்கா சாயம் போடுறதுக்கு முன்னாடி உள்ளங்கை அளவு துணில கலர் போட்டு அனுப்பி ஓகே வாங்குறது. ஒரு தடவை பச்சை அடிக்குதுன்னாங்க, அடுத்த தடவை சிவப்பு அடிக்குதுன்னாங்க. லைட் பாக்ஸ்னு கலர் பாக்குற விளக்குப் பெட்டி உண்டு, அதுல பகல் வெளிச்சத்துல வச்சு பாத்தா கரெக்டா இருக்கும், அவங்க ஊரு கடை டியூப் லைட்டுக்கு மாத்தினா எலுமிச்சை சாதம் மாதிரி ஆயிடும். ரெண்டு லைட்லயும் ஒரே மாதிரி தெரியணும், அதுதான் ரூல். இதுல வெளிர் கலர் வேற, முந்தின நாள் டார்க் கலர் ஓட்டின மெஷினை சரியா கழுவாம ஓட்டினா அவ்வளவுதான், மொத்த துணியும் போச்சு. ஏழாவது தடவை ரிஜெக்ட்னு மெயில் வந்தப்ப எங்க டையிங் மாஸ்டர் "மேடம், அவங்க வெண்ணெயையே பாத்ததில்ல போல, ஊத்துக்குளில அரைக்கிலோ வாங்கி கூரியர்ல போட்டு விடுங்க, இதுதான் கலர்னு சொல்லி"ன்னார். எட்டாவது ஓகே ஆச்சு. எனக்கு மூணாவதுக்கும் எட்டாவதுக்கும் இன்னைக்கு வரைக்கும் வித்தியாசம் தெரியல.

சரி, போடுறாங்களா இல்லையா. ரேம்ப்ல வர்றதுல ஒரு பங்கு போட்டோவுக்காகவே செய்றது. 2022 செப்டம்பர் 30ஆம் தேதி பாரிஸ்ல கோப்பர்னிங்கற பிராண்டோட ஷோல மாடல் பெல்லா ஹடிட் மேல நேரடியா ஸ்ப்ரே அடிச்சே ஒரு வெள்ளை டிரஸ் பண்ணாங்களே, உலகமே பாத்துச்சு, ஃபேப்ரிகன்னு ஒரு கம்பெனியோட டெக்னாலஜி, பாட்டில்ல இருந்து வர்ற நார் உடம்புல பட்டதும் துணியா இறுகிடும். அது கடைக்கு வர்ற சரக்கே இல்ல. ஆனா அன்னைக்கு வரைக்கும் கோப்பர்னின்னு கேள்விப்படாதவங்க எல்லாம் அந்த பேரை தெரிஞ்சுக்கிட்டாங்கல்ல, செலவு பண்ணது அதுக்குத்தான். இதுக்கும் முன்னோடி உண்டு, 1998லயே டிசைனர் அலெக்சாண்டர் மெக்குவீன் லண்டன்ல மாடல் ஷாலோம் ஹார்லோவை நடுவுல நிக்க வச்சு ரெண்டு ரோபோவை விட்டு வெள்ளை டிரஸ் மேல பெயிண்ட் அடிக்க விட்டார். ரெண்டுமே ஸ்பிரிங் சம்மர் ஷோதான். என்னைக் கேட்டா மெக்குவீனோடதுதான் ஒரு படி மேல, பாத்தா வயித்தை என்னமோ பண்ணும், கோப்பர்னி கொஞ்சம் சயின்ஸ் எக்சிபிஷன் மாதிரி.

இன்னொரு பங்கு உண்மையாவே இறங்கி வரும், ஆனா அப்படியே வராது. மியூ மியூங்கற பிராண்ட் 2021 அக்டோபர்ல 2022 சம்மருக்காக ஒரு காக்கி மடிப்பு வச்ச பாவாடை காட்டினாங்க, ஓரம் மடிக்காம நூல் தொங்கும், இடுப்புக்கு கீழ எங்கயோ நிக்கும், நீளம் ஒரு ஜாண் இருந்தா அதிகம். நிக்கோல் கிட்மேன்ல இருந்து ஆரம்பிச்சு எல்லாரும் போட்டு அந்த வருஷம் பத்திரிகை அட்டை பூரா அதுதான். எங்களுக்கு வந்தது அந்த பாவாடை இல்ல. இடுப்பு கீழ இறங்கினா மேல்சட்டை மேல ஏறணும் இல்லையா, டெக் பேக்ல (அளவு, டிசைன் எல்லாம் எழுதி பையர் அனுப்புற ஃபைல்) டி-ஷர்ட் நீளத்தை குறைச்சு குறைச்சு அனுப்பினாங்க, எங்க பேட்டர்ன் மாஸ்டர் இது லேடீஸா சின்ன புள்ளைங்களுதான்னு போன் போட்டே கேட்டார். ரேம்ப்ல பாக்க வேண்டியது இதைத்தான்னு நான் நினைக்கிறேன், டிரஸ்ஸை விட்டுடுங்க, இடுப்பு எங்க நிக்குது, நீளம் எங்க முடியுது, தோள் அகலமா ஒடுக்கமா, கலர் என்ன, இந்த நாலு மட்டும்தான் நம்ம வரைக்கும் வரும்.

இந்த இடுப்பு, நீளம் விஷயத்துல பெரிய மாற்றம் 1947ல வந்தது. அந்த வருஷம் பிப்ரவரி 12ஆம் தேதி பாரிஸ் டிசைனர் கிறிஸ்டியன் டியோர் தன்னோட முதல் கலெக்ஷனை காட்டினார், அதுவும் ஸ்பிரிங் சம்மர்தான் (அப்பல்லாம் அந்த சீசனுக்கு பக்கத்துலயே காட்டுவாங்க). ஒடுங்கின இடுப்பு, இடுப்புக்கு கீழ விரியிற ஜாக்கெட் (பார் ஜாக்கெட்னு பேரு), கெண்டைக்கால் வரைக்கும் இறங்குற பாவாடை. போர் முடிஞ்சு துணிக்கே ரேஷன் இருந்த நேரத்துல ஒரு பாவாடைக்கு இத்தனை கஜமான்னு சண்டையே வந்துச்சு. ஹார்ப்பர்ஸ் பஜார் எடிட்டர் கார்மெல் ஸ்னோ வாயில இருந்து வந்த நியூ லுக்ங்கற பேர்தான் நின்னுச்சு. அதே பார் ஜாக்கெட்டைத்தான் 2025 அக்டோபர்ல ஜோனாதன் ஆண்டர்சன் தன்னோட முதல் டியோர் லேடீஸ் ஷோல சுருக்கி, துவைச்சு குறுகிப் போன சைஸுக்கு கொண்டு வந்து மினி ஸ்கர்ட் மேல போட்டார். எனக்கு புடிச்சிருந்தது, என் கூட வேலை பாக்குறவங்களுக்கு சுத்தமா புடிக்கல.

எப்பவும் மேல இருந்து கீழதான் வரும்னும் இல்ல. 1992ல டிசைனர் மார்க் ஜேக்கப்ஸ் பெர்ரி எல்லிஸ் கம்பெனிக்காக 1993 சம்மர் ஷோ பண்ணப்ப, சியாட்டில் ராக் பசங்க போட்டுத் திரிஞ்ச பழைய கட்டம் போட்ட சட்டையை பட்டுல பிரிண்ட் பண்ணி ரேம்ப்ல ஏத்திட்டார். வேலையே போச்சு. இன்னைக்கு அந்த ஷோவைத்தான் சரித்திரம்ங்கிறாங்க. நம்ம ஊரு சங்கதி வேணும்னா 2025 ஜூன்ல ப்ராடா ஆம்பளைங்க ஷோல கோலாப்பூரி செருப்பை வெறும் லெதர் சாண்டல்னு காட்டி வாங்கிக் கட்டிக்கிட்டாங்க, அப்புறம்தான் அது இந்திய செருப்பைப் பாத்து பண்ணதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

2026 சம்மருக்கு என்னன்னும் சொல்லிடுறேன். இந்த தடவை டியோர், ஷனெல், குச்சி, பலென்சியாகா, பொட்டேகா வெனெட்டா, லோவேன்னு பாதி பெரிய பிராண்ட்ல புது டிசைனர், அதனால ஒரே டிரெண்ட்னு புடிக்க முடியல. லோவேல சிவப்பு, மஞ்சள், நீலம்னு பளிச் கலர். வருஷா வருஷம் ஒரு கலரை அறிவிக்கிற பாண்டோன் கம்பெனி என்னடான்னா 2026க்கு கிளவுட் டான்சர்னு வெள்ளையை அறிவிச்சிருக்காங்க, வெள்ளைன்னா சாய வேலை மிச்சம்னு நினைச்சிடாதீங்க, வெள்ளைக்கும் லேப் டிப் உண்டு, அதுவும் திரும்பி வரும்.

மியூ மியூ ஷோல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஏப்ரன். சமையல்கட்டு ஏப்ரன், பட்டறை ஏப்ரன், பூ போட்டது, தோல்ல பண்ணது, பொம்பளைங்க பாக்குற வேலையை காட்டுறோம்னு சொல்லி. எங்கம்மா என் தோள் வழியா போனை எட்டிப் பாத்துட்டு, நைட்டி மேல துண்டு போட்டுட்டு வாசலுக்கு பால் வாங்கப் போறப்ப மட்டும் என்னைய திட்டுனியே கண்ணுன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

ஷனெல்தான் எனக்கு இந்த சீசன்ல நம்பர் ஒன். அங்க புது டிசைனர் மாத்யூ பிளாசியோட முதல் ஷோ, பாரிஸ்ல கிராண்ட் பாலேங்கற பெரிய மண்டபத்து கூரையில இருந்து கிரகங்களை தொங்க விட்டிருந்தாங்க. சார்வேன்னு ஒரு பழைய பாரிஸ் சட்டைக்கடையோட சேர்ந்து ஆம்பளை சட்டை மாதிரியே லேடீஸ் சட்டை பண்ணியிருந்தார். கடைசியா வந்த பொண்ணு, கீழ கலர் கலரா பொங்கி நிக்குற பெரிய பாவாடை, மேல சும்மா ஒரு சில்க் டி-ஷர்ட். எப்பவும் முறைச்சுட்டே போற ரேம்ப்ல அந்த பொண்ணு சிரிச்சு, கை தட்டி, சுத்தி சுத்தி வந்துச்சு. பாவாடையைப் பாத்து எல்லாரும் வாயைப் பொளந்தப்ப நான் டி-ஷர்ட் கழுத்துப் பட்டி எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்னு ஜூம் பண்ணிட்டு இருந்தேன். காட்டன்ல அதே கழுத்து, அதே ஃபிட்ல எந்த பையர்கிட்ட இருந்து மொதல்ல டெக் பேக் வரும்னு எங்க ஆபீஸ்ல இப்ப பந்தயம் ஓடிட்டு இருக்கு, தோத்தவங்க எல்லாருக்கும் பிரியாணி.