மதுரை எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு ஏன் சிவப்பு ஸ்டிக்கர்?

தம்பி, மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாசில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரமே, மதுரையிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துப்போய்விட்டார்கள், புதுப்பொருள்தானே, இந்தியப் பொருள் என்றால் இளக்காரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இளக்காரம் இல்லை. பினாங்கில் பத்தொன்பது வருடமாக மின்சாதனங்களைச் சோதித்து, பாதுகாப்பில் தேறாதவற்றுக்கு இதே ஸ்டிக்கரை ஒட்டுகிறவன் நான்.

ஊரிலும் 230 வோல்ட், இங்கும் 230 வோல்ட். வித்தியாசம் சுவருக்குள் இருக்கிறது. பிரிட்டிஷ் வழக்கப்படி இங்கே பல கட்டடங்களில் சாக்கெட்டுகளை வளையமாக இணைத்து, 32 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றில் விட்டிருப்பார்கள். மெல்லிய வயர் ஒன்று கருகினாலும் அதற்கு உறைக்காது. அதனால்தான் இங்குள்ள பட்டைக்கால் பிளக்குக்குள்ளேயே ஒரு குட்டி ஃபியூஸ்: சார்ஜருக்கு 3 ஆம்பியர் போதும், கெட்டிலுக்கு 13. நம் ஊர் உருண்டைக்கால் பிளக்கில் அது கிடையாது. பேனாவால் மேல்துளையை அமுக்கி இரண்டுகால் பிளக்கைச் செருகும் வித்தையை விடுதியில் யாராவது இதற்குள் கற்றுக்கொடுத்திருப்பார்கள். வேண்டாம்.

நானும் பட்டுத்தான் தெளிந்தேன். வந்த புதிதில், தீபாவளி விருந்துக்கு வடைமாவு அரைக்க ஊர் கிரைண்டரைத் தொழிற்சாலைச் சமையலறைக்குத் தூக்கிப்போனேன். ஈரக்கையோடு எவர்சில்வர் உடம்பைத் தொட்டதும் தோள்வரை சுரீர் என்றது. மூத்த சீனத் தொழில்நுட்பர் ஒருவர் என் அடாப்டரைப் பிரித்துக் காட்டினார். எர்த் துளைக்குள் உலோகமே இல்லை. வெறும் பிளாஸ்டிக் ஓட்டை! மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் அந்தக் கட்டடத்தின் பிரேக்கரோ 100 மில்லி ஆம்பியர் கசிவுக்கானது. ஆளைக் காக்க 30-க்கே துண்டிப்பது வேண்டும். உளுந்து அப்படியே கிடந்தது, அன்றைக்குக் கடை வடைதான்.

சோதனையில் பாதி வேலை கண்ணுக்குத்தான்: நசுங்கிய வயர், கருகிய பிளக், டேப் சுற்றிய ஒட்டு. பிறகு மீட்டரால் எர்த் தொடர்ச்சி பார்த்து, 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்ப்போம். கையில் பிடித்து இழுபடும் டிரில் சோதனைக்கு அடிக்கடி வரும். மேசையில் அசையாமல் கிடக்கும் மானிட்டர் எப்போதாவது.

மடிக்கணினி சார்ஜரைத் தூக்கிப்போட வேண்டாம். சுவருக்குப் போகும் வயரை மட்டும் கழற்றி, ஃபியூஸ் உள்ள பிளக்கோடு இங்கே ஒன்று வாங்கி மாட்டுங்கள். மலேசியத் தரச்சோதனை அமைப்பான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் போகும்போது உதவும்.