வணிக இடத் தரகில் குழு நடத்துவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: மூன்று பேராகச் சேர்ந்து அலுவலக இடங்களை வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிறோம். கமிஷன் பிரிக்கும்போதெல்லாம் மனத்தாங்கல் வருகிறது.

பதில்: பணம் கண்ணில் பட்ட பிறகு பங்கு பேசினால் அப்படித்தான் ஆகும். அவரவர் உழைப்பு அவரவருக்குப் பெரிது. வாடிக்கையாளரை முதலில் சந்திக்கப் போகும் முன்பே எழுதிவிடுங்கள்: ஆளைக் கொண்டுவந்தவருக்கு எவ்வளவு, இடம் தேடிக் காட்டியவருக்கு எவ்வளவு, பேரம் பேசி முடித்தவருக்கு எவ்வளவு. நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கட்டும். பெரிய இடமென்றால் முதல் போனுக்கும் கையெழுத்துக்கும் இடையே ஒரு வருடம்கூட ஓடிவிடும். யார் என்ன சொன்னார் என்பது அதற்குள் மறந்துபோகும். வாய்வார்த்தையை நம்பி நான் ஒரு நல்ல கூட்டாளியை இழந்தேன். இன்றும் உறுத்துகிறது. இன்னொன்று, கமிஷன் பல சமயம் இரண்டு தவணையாக வரும்: கையெழுத்தானதும் ஒரு பகுதி, குடிவந்ததும் மீதி. இரண்டாவதன் பங்கையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஜூனியர்கள் போன் போட்டே சலித்துப் போகிறார்களே?

பதில்: நாளெல்லாம் போன்தான் என்றால் யாருக்கும் சலிக்கும். ஆளுக்கு ஒரு கட்டடத்தை ஒப்படையுங்கள். எந்த மாடியில் யார், எத்தனை சதுர அடி, குத்தகை எப்போது முடிகிறது என்று மாடிவாரியாக வரையட்டும். லிஃப்ட் பக்கத்துப் பெயர்ப் பலகையில் ஆரம்பிக்கலாம்; காவலாளியிடம் பேசினால் பாதி நிரம்பிவிடும். ஏழாவது மாடியில் பாதி நாற்காலிகள் காலி, எட்டாவது மாடிக்காரருக்கு இடம் போதவில்லை என்று ஒரு ஜூனியர் கவனித்து வந்து சொன்னால், உங்கள் கையில் இரண்டு வாடிக்கையாளர்கள். அப்புறம் அவர்களைச் சந்திக்கப் போகும்போது அந்த ஜூனியரையும் அழைத்துப் போங்கள். கண்டுபிடித்தது அவர்தான் என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லுங்கள்.

கேள்வி: உரிமையாளர், வாடகைதாரர் இரு தரப்புக்கும் ஒரே குழு வேலை பார்க்கலாமா?

பதில்: சில இடங்களில் சட்டமே தடுக்கிறது, அதை முதலில் பாருங்கள். தடை இல்லையென்றாலும் இருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பக்கத்துக்கு ஒருவராகப் பிரிந்துகொள்ளுங்கள். உரிமையாளர் எந்த வாடகை வரை இறங்கி வருவார் என்பது வாடகைதாரருக்காகப் பேசுபவர் காதில் விழவே கூடாது.

கேள்வி: அதிக டீல் முடிப்பவரையே தலைவராக்கலாமா?

பதில்: தகவலைத் தன் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்பவர் என்றால் வேண்டாம்.

கேள்வி: டீல் கைநழுவினால் குழுவிடம் எப்படிப் பேசுவது?

பதில்: முதலில் வாடிக்கையாளரையே கேளுங்கள், பலரும் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒரு முறை எங்களுக்கு வந்த பதில்: "வாடகை பிரச்சினையில்லை. ஜெனரேட்டர் பற்றி இரண்டு தடவை கேட்டோம், பதிலே இல்லை." அந்தக் கேள்வி ஜூனியருக்குப் போயிருந்தது, பதில் என்னிடம் இருந்தது. அன்றே குழுவைக் கூட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். இப்போது வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும், பதில் சொல்ல வேண்டியவர் பெயரையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறோம்.