அம்மா பார்க்கிற டிவிக்கு 4கே எதற்கு?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். பழைய டிவி போய்விட்டது. அம்மா பகல் முழுக்க செய்தியும் சீரியலும் பார்ப்பார், கேபிள் கனெக்‌ஷன்தான். இரவில் பையன் யூடியூப் பார்ப்பான். கையில் 18,000 ரூபாய் இருக்கிறது. அதே விலைக்குக் கேள்விப்படாத பெயரில் ஒரு 43 இன்ச் 4கே டிவி தருகிறேன் என்கிறார் கடைக்காரர். பாண்டிக்குப் போனால் இன்னும் குறையும் என்கிறார் அண்ணன். எதை வாங்குவது?

பதில்: 32 இன்ச் வாங்குங்கள். கடலூருக்குள் சர்வீஸ் ஆள் அனுப்பக்கூடிய, பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்கட்டும். அந்த 43 இன்ச் வேண்டவே வேண்டாம்.

காரணம் உங்கள் கேபிள். சாதாரண சேனலின் படம் 720க்கு 576 புள்ளி, அதாவது சுமார் நாலு லட்சம். 4கே திரையில் 83 லட்சம் புள்ளி. வருகிற ஒவ்வொரு புள்ளியையும் இருபதாக இழுத்துத்தான் அந்தத் திரை நிரம்ப வேண்டும். நாலு பேருக்கு வைத்த குழம்பில் தண்ணீர் ஊற்றி எண்பது பேருக்குப் பரிமாறுகிற கதை. சீரியல் முகங்கள் மெழுகு பூசினதுபோல் தெரியும். 32 இன்ச் எச்டி ரெடி திரையில் பத்து லட்சம் புள்ளிதான், அதனால் அதே சேனல் கண்ணுக்குப் பொருந்தி வரும். கடையில் பளபளப்பது பென்டிரைவில் ஓடுகிற கம்பெனிப் படம், அதுவும் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்து. செட் டாப் பாக்ஸை மாட்டி உங்கள் அம்மா பார்க்கிற சேனலைப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இந்தப் பெயர் தெரியாத டிவிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கிருந்தோ பேனல், எங்கிருந்தோ போர்டு, மேலே ஒரு ஸ்டிக்கர். ‘ஆண்ட்ராய்டு’ என்று பெட்டியில் போட்டிருக்கும். பல செட்டுகளில் உள்ளே இருப்பது செல்போனுக்கான சாஃப்ட்வேர். கூகுள் சான்று இருக்காது, அப்டேட் வராது. இன்றைக்கு ஓடுகிற யூடியூப் நாளைக்கும் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. என் சர்வீஸ் கடைப் பரணில் இந்த ரகத்தில் ஏழு டிவி கிடக்கிறது. போர்டு கிடைக்கவில்லை, உரிமையாளர்களும் திரும்பி வரவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. விற்றவர் அடுத்த சீசனுக்கு வேறு பெயரில் வேறு பெட்டி வைத்திருக்கிறார்.

வாங்கும் முன் டிவியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை தருகிற அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி, அச்சாகி இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி என்று காட்டும். காட்டாவிட்டால் வாங்காதீர்கள். பையனுக்காக இன்னொன்று: ராம் 1 ஜிபி என்றால் யூடியூப் திறக்கவே திணறும். 1.5 அல்லது 2 இருப்பதாகக் கேளுங்கள்.

32 இன்ச்தான் என்று நான் சொல்வதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் அம்மாவின் கண். கண்புரை, சர்க்கரை என்று பார்வை மங்கியிருந்தால் கணக்கே மாறும். அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து டிவி வைக்கும் சுவர்வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஏழெட்டு அடிக்குள் என்றால் 32 போதும். பத்து அடியைத் தாண்டினால் செய்தியின் கீழே ஓடுகிற எழுத்தை அவரால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் 32 இன்ச் இருந்தால் அங்கேயே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லலாம். முடியவில்லை என்றால் நாற்காலியை முன்னால் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அதற்கும் வழியில்லை என்றால் மட்டும் இன்னும் இரண்டு மாதம் சேர்த்து, நல்ல கம்பெனியின் 43 இன்ச் ஃபுல் எச்டி வாங்குங்கள். அப்போதும் 4கே அல்ல. கண் ஆபரேஷன் நாள் குறித்திருந்தால், முடியும்வரை பொறுத்திருந்து பிறகு முடிவு செய்யுங்கள்.

பாண்டி விஷயம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு உங்கள் அண்ணன் சொல்வது உண்மையாக இருந்தது. இப்போது ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். பாண்டி நேரு வீதியில் ஆயிரம் ரூபாய் குறைந்தால் அது அந்தக் கடையின் தள்ளுபடி. ஆனால் ‘பில் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள், 1,500 குறைக்கிறேன்’ என்று ஒருவர் வருவார். பில் இல்லை என்றால் வாரண்டி இல்லை. அந்த 1,500 லாபம் அல்ல, பிறகு ரிப்பேரில் உங்கள் கையிலிருந்தே போகிற பணம். கடை வாசலிலேயே உங்களைப் பிடித்துக்கொள்கிறவரும் பல நேரம் ஒரு கம்பெனி நிறுத்திவைத்த ஆள்தான். அவர் காட்டுவது அவருடைய டிவியை மட்டுமே.

முதுநகர் என்பதால் உப்புக் காற்று. துறைமுகம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் போர்டுகளில் பச்சை பூத்திருக்கும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள். திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தருகிற பேக்லைட்டைப் பாதிக்குச் சற்று மேலே வையுங்கள், முழுக்க ஏற்றினால் உள்ளே இருக்கிற எல்இடி பட்டை சீக்கிரம் போகும்.

அப்புறம் சர்வீஸ். ஒரு போர்டுக்காக மூன்று வாரம் காக்கவைக்கிறார்கள். போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. வயதானவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்று யாருமே யோசிப்பதில்லை. அந்த எரிச்சலில் நெட்டில் நம்பர் தேடாதீர்கள். கம்பெனி பெயரில் போலி எண்கள் நிறைய இருக்கின்றன, முன்பணம் கேட்பார்கள். வாரண்டி அட்டையில் உள்ள எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டிவி பாண்டியில் வாங்கியிருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை.

அதற்குப் பில் வேண்டும். இப்போது தரும் வழவழ காகிதப் பில்லில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வாரண்டி அட்டையோடு வையுங்கள்.