குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகருக்கு எப்படிப் போவது? சாலை வழியில் வேறொரு நாடு ஏன் குறுக்கிடுகிறது?

குறுக்கே வருவது ‘நெயும் தாழ்வாரம்’. குரோஷியக் கடற்கரையை இரண்டாக வெட்டும், சுமார் 20 கி.மீ. நீளமுள்ள போஸ்னிய நிலத்துண்டு இது. பாகப்பிரிவினையில் உங்கள் வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே ஒரு துண்டு மனை பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விட்டதைப் போல.

காரணம் பழைய பகை. டுப்ரோவ்னிக் அப்போது ரகுசா என்ற தனிக் குடியரசு. பகையாளி வெனிஸ் குடியரசு தன் எல்லையைத் தொடக் கூடாது என்பதற்காக, 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையையொட்டி ரகுசா இந்த இடத்தை, அப்போது போஸ்னியாவை ஆண்ட ஓட்டோமான் துருக்கியரிடம் விட்டது. கெட்டிக்காரத்தனம்தான்!

2022 ஜூலையில், இந்தத் துண்டைச் சுற்றிச் செல்லும் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தபின், குரோஷியாவின் இன்னொரு கடற்கரை நகரான ஸ்ப்ளிட்டிலிருந்து எல்லை தாண்டாமலே காரில் வரலாம். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) உள்ளவர்கள் பாலத்தையே பிடியுங்கள். போஸ்னியாவுக்குள் போனால் திரும்ப நுழைய முடியாது. பேருந்து என்றால் எந்த வழி என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கோடையில் ஸ்ப்ளிட்டிலிருந்து விரைவுப் படகு உண்டு. என் ஓட்டு அதற்கே. விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 20 கி.மீ.

ஐரோப்பா என்றாலே எங்கும் ரயில் போகும் என்று நம்பி ரயில் பாஸ் வாங்குகிறவர்கள் பலர். டுப்ரோவ்னிக்குக்கு ரயிலே கிடையாது, ஸ்ப்ளிட்டில் இறங்கிப் பேருந்தோ படகோதான்.