சியேனா நகர மாளிகை: சுவர் வளைவது கேமராவின் குற்றமல்ல

இத்தாலியின் சியேனா நகர மாளிகையை அட்டையில் மாடல் செய்கிறீர்கள், எந்தப் படத்தைப் பார்த்தாலும் முகப்பு உள்வாங்கித் தெரிகிறது, லென்ஸ் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, நிஜமாகவே அது வளைவுதான். எதிரே சிப்பி மாதிரி விரியும் காம்போ சதுக்கத்துக்கு இசைவாக, சுவரை லேசாக உள்பக்கம் வளைத்துக் கட்டினார்கள். மென்பொருளில் நிமிர்த்தியிருந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

கீழ்த்தளம் சாம்பல் கல், மேலே செங்கல். ஜன்னல்களில் அவசரப்படாதீர்கள்: ஒரு பெரிய கூர்வளைவுக்குள் இரண்டு மெல்லிய தூண்கள், மூன்று சிறு வளைவுகள். அந்தச் சிறு வளைவுகளுக்கு மேலே, மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கறுப்பாக நகரின் கேடயச் சின்னம். இதைக் கோட்டைவிட்டால் சியேனாவே இல்லை!

கட்டடம் தொடங்கியது 1297-இல். அதை ஒட்டி நிற்கும் மணிக்கோபுரமான மாஞ்சா கோபுரம் அதற்குப் பிறகுதான், 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். 14-ஆம் நூற்றாண்டுத் தோற்றம் வேண்டுமென்றால் இருபுறச் சிறகுகளின் மேல்மாடியை எடுத்துவிடுங்கள், அது 17-ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை.